சொல்யூஷனும் தின்னரும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஆம்பூரில் ஷூ அப்பர் ஒட்டும் வேலை செய்கிறேன். ஆறு மாதமாக இரண்டு பாதமும் விரலிலிருந்து மேலே மரத்துக்கொண்டே வருகிறது. செருப்பு கழன்றால்கூடத் தெரிவதில்லை. சர்க்கரை இல்லை. சொல்யூஷனில் (ஒட்டும் பசையில்) ஹெக்சேன் என்ற கரைப்பானைக் குறைத்துவிட்டார்களாம், கெட்டியானால் எம்.இ.கே. (மெத்தில் எத்தில் கீட்டோன்) தின்னர் ஊற்றி இளக்குகிறோம். அதனால் இருக்குமா?

பதில்: இருக்கலாம். ஹெக்சேனைக் கல்லீரல் 2,5-ஹெக்சேன்டையோனாக மாற்றுகிறது. நரம்பிழைக்குள் ஓடும் புரத நூல்களை அது ஒன்றோடொன்று பிணைத்துவிடும். நூல்கள் தேங்கி, இழை வீங்கும். நீளமான நரம்புதான் முதலில் அடிபடும், ஆகவே கால் விரலில் ஆரம்பம். எம்.இ.கே. தனியாக இதைச் செய்யாது. ஆனால் ஹெக்சேனோடு சேர்ந்தால் அதன் நஞ்சைக் கூட்டிவிடும். மேற்கு பெர்லினில் போதைக்காகத் தின்னர் முகர்ந்துவந்த இளைஞர்களுக்கு, 1975இல் அதில் எம்.இ.கே. சேர்த்த பிறகுதான் கைகால் தளர்ந்தது. பசையிலும் தின்னரிலும் சேரும் இன்னொரு கரைப்பானான டொலுயீன் நேர்மாறு: ஹெக்சேன் மாறுவதையே தடுக்கும். அதற்காக அதை நல்லதென்று எண்ண வேண்டாம், அது மூளையைத் தாக்கும்.

நரம்பியல் மருத்துவரிடம் இரண்டு டப்பாக்களின் லேபிளையும் படமெடுத்துக் கொண்டு போங்கள். நரம்புக் கடத்தல் பரிசோதனையும் பி12 அளவும் பார்க்க வேண்டும். ஹெக்சேன்டையோனுக்குச் சிறுநீர் கொடுப்பதானால் வாரத்தின் கடைசி வேலைநாளில், ஷிப்ட் முடிந்த கையோடு கொடுங்கள். லீவு கழிந்த திங்கள் காலையில் கொடுத்தால் குறைத்துக் காட்டும். ஒன்று முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும்: வேலையை நிறுத்திய பிறகும் சில வாரங்கள், சிலருக்கு இரண்டு மூன்று மாதங்கள், பலவீனம் கூடிக்கொண்டே போகும். மருந்து கேட்கவில்லை என்று மருத்துவரை மாற்றிவிடாதீர்கள்.

ஹெக்சேன் ஆவி காற்றைப்போல மூன்று மடங்கு கனம். டப்பா வாயிலிருந்து மேசைமேல் வழியும். சீலிங் ஃபேன் அதைக் கிளறி முகத்துக்கு அனுப்பும், அவ்வளவுதான். எக்ஸாஸ்ட் மேசை மட்டத்தில், உங்களுக்கு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும். துணி மாஸ்க்கும் என்95-ம் ஆவியைத் தடுக்காது. ஆர்கானிக் வேப்பர் கேட்ரிட்ஜ் (கரைப்பான் ஆவியைப் பிடிக்கும் வடிகட்டி) போட்ட மாஸ்க்தான் தடுக்கும். கையில் ஒட்டியதைத் தின்னரால் துடைப்பதை இன்றே விடுங்கள், தோல் வழியாகவும் ஏறும். தேங்காய் எண்ணெய் தேய்த்துச் சோப்புப் போட்டால் போதும்.

கேள்வி: மெஷின் சத்தம் 85 டெசிபலுக்குள்தான். ஆனாலும் காது மந்தமாகிறதே?

பதில்: பசையில் இருக்கும் டொலுயீன் உள்காதில் ஒலியை உணரும் மயிரிழைச் செல்களைக் கெடுக்கும், சத்தமும் அதே செல்களைத்தான். 85 என்பது சத்தத்தை மட்டும் கணக்கிட்டு வைத்த எல்லை. பசைப் பிரிவில் இருந்தால் வருடம் ஒருமுறை ஆடியோகிராம் (செவித்திறன் சோதனை) எடுத்துப் பழையதோடு ஒப்பிடுங்கள்.