சோற்றை விடாமல் எடையைக் குறைப்பது பற்றி, டொராண்டோவுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு வந்த பத்து மாதங்களில் உங்கள் எடை 68 கிலோவிலிருந்து 75 ஆகிவிட்டது என்றும், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c பரிசோதனை) 6.1 சதவீதம் என்று வந்திருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். உடன் வேலை செய்பவர்கள் சோற்றை நிறுத்திவிட்டு சாலடுக்கு மாறச் சொல்கிறார்கள், ஆனால் சாம்பாரும் ரசமும் இல்லாமல் என்னால் இருக்க முடியாது, நம் சாப்பாட்டையே சாப்பிட்டு எடையைக் குறைக்க வழி உண்டா அக்கா என்று கேட்டிருந்தீர்கள். வழி உண்டு. நான் அப்படித்தான் குறைத்தேன்.

2007இல் நான் இங்கு வந்தபோது, இரண்டு குளிர்காலம் முடிவதற்குள் 9 கிலோ ஏறியது. பயந்துபோய், காலையில் ஓட்ஸ், மதியம் சாலட், இரவில் சூப் என்று ஆறு வாரம் இருந்தேன். ஏழாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வத்தக்குழம்பு வைத்து, அப்பளத்தைச் சுட்டுச் சாப்பிட உட்கார்ந்தவள் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு சாப்பிட்டேன். குறைந்திருந்த 4 கிலோவும் அடுத்த இரண்டு மாதத்தில் திரும்பி வந்துவிட்டது. பிடித்த சாப்பாட்டைப் பகையாக்கிக்கொண்டு நெடுநாள் இருக்க முடியாது. நம் சமையலில் கெடுதல் இல்லை. அளவு தெரியாமல் சமைப்பதும், ஊரில் தானாக நடந்த நடை இங்கு நின்றுபோவதும்தான் எடையை ஏற்றுகின்றன.

முதலில் அரிசியைப் பார்ப்போம். ரைஸ் குக்கரோடு வரும் பிளாஸ்டிக் கப் 180 மில்லி கொள்ளும். அதில் தலைதட்டி எடுத்தால் ஏறக்குறைய 150 கிராம் அரிசி, அதாவது 500 கலோரிக்குச் சற்று மேல். தனியாக இருப்பவர்கள் இரவு ஒரு கப் வைத்து, மீந்தால் வீணாகுமே என்று முழுவதையும் சாப்பிட்டுவிடுகிறார்கள். நீங்கள் அரை கப் வையுங்கள். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டலில், நாளுக்கு 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு 250 கிராம் தானியமும், 400 கிராம் காய்கறியும், 85 கிராம் பருப்பு அல்லது முட்டை, இறைச்சி வகையும், 27 கிராம் எண்ணெயும் சொல்லப்பட்டிருக்கின்றன. எடை குறைய வேண்டும் என்றால் தானியத்தை இன்னும் குறைக்கலாம். நான் 150 கிராமில் நிறுத்தினேன், அதில் இட்லி, தோசைக்கான அரிசியும் சேர்த்திதான்.

எண்ணெயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் வீட்டில் உண்மையான கோளாறு அங்குதான் இருந்தது. நான் ஒரு முறை 3 லிட்டர் எண்ணெய் கேனைத் திறந்த அன்று அதன் மேல் பேனாவால் தேதியை எழுதி வைத்தேன். சரியாக முப்பதாவது நாள் கேன் காலியானது. வீட்டில் இருந்தது நாங்கள் இருவர். கணக்குப் போட்டால் ஆளுக்கு நாளொன்றுக்கு 46 கிராம், அதாவது 400 கலோரிக்கு மேல்! வடை, பஜ்ஜி எதுவும் அந்த மாதம் செய்யவில்லை. தாளிப்பதற்கும் பொரியலுக்கும் தோசைக்கல்லுக்கும் கேனைச் சாய்த்து ஊற்றியதிலேயே அவ்வளவும் போயிருந்தது. அன்றிலிருந்து அடுப்படியில் ஒரு டீஸ்பூன் வைத்திருக்கிறேன். கடுகும் உளுத்தம்பருப்பும் கறிவேப்பிலையும் ஒரு டீஸ்பூன் எண்ணெயிலேயே நன்றாகப் பொரிந்து மணம் வரும், கரண்டியைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் போதும். தோசைக்கு எண்ணெயை ஊற்றாமல், பாதியாக நறுக்கிய வெங்காயத்தில் தொட்டுக் கல்லில் தேய்க்கிறேன்.

குறைத்த சோற்றின் இடத்தில் கூட்டு வர வேண்டும். நம் சமையலில் எடை குறைப்பதற்கென்றே செய்தது போன்ற பண்டம் அதுதான் என்பது என் எண்ணம். ஒரு கைப்பிடி பாசிப்பருப்பை வேகவைத்து, அதில் முட்டைக்கோஸ், சுரைக்காய், உறைந்த பசலைக் கீரை என்று எது கிடைக்கிறதோ அதை நிறையப் போட்டு, மிளகும் சீரகமும் பொடித்துச் சேர்த்து இறக்குங்கள். தேங்காய் இரண்டு டீஸ்பூன் இருந்தால் போதும். தட்டில் முதலில் கூட்டையும் பொரியலையும் பாதித் தட்டுக்கு வைத்துவிட்டு, பிறகு சோறு போடுங்கள். சாம்பாரில் பருப்பைக் கெட்டியாக விடுங்கள், தண்ணீராக வைத்தால் பசி தாங்காது, ஒன்பது மணிக்கு மிக்சர் பாக்கெட்டைத் தேடுவீர்கள். மாலைக்குச் சுண்டல் செய்துகொள்ளுங்கள். மீன், முட்டை சாப்பிடுபவர் என்றால் மீன் குழம்பு மிக நல்லது, வறுவல் வேண்டாம்.

சிறுதானியத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கம்பிலும் கேழ்வரகிலும் நார்ச்சத்து கூடுதல், ஆனால் கலோரி அரிசிக்கு ஏறத்தாழ ஒப்பானதே. அளவில்லாமல் சாப்பிட்டால் அவையும் எடையை ஏற்றும். உறைந்த பரோட்டாவை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள்.

நடைக்கு வசந்த காலம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் அலுவலகம் நகர மையத்தில் இருப்பதாகச் சொன்னீர்கள். அங்கே கட்டடங்களை இணைக்கும் பாத் என்னும் நிலத்தடி நடைபாதை 30 கிலோமீட்டருக்கும் மேல் நீளம் கொண்டது, ஜனவரியிலும் கோட்டு இல்லாமல் நடக்கலாம். மதியம் சாப்பிட்டவுடன் பதினைந்து நிமிடம் நடப்பது, சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையைக் கட்டுப்படுத்த உதவும்.

இங்குள்ள எடைப் பட்டியலில், எடையை உயரத்தோடு ஒப்பிட்டுக் கணக்கிடும் உடல் நிறை குறியீடு (BMI) 25க்குக் கீழே வந்துவிட்டால் சரி என்று போட்டிருக்கும். நம் மக்களுக்கு 23ஐத் தாண்டினாலே ஆபத்து கூடுகிறது. 170 சென்டிமீட்டர் உயரமுள்ள உங்களுக்கு அது சுமார் 66 கிலோ. இடுப்புச் சுற்றளவும் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். உங்களுடைய 6.1 என்பது கனடாவில் நீரிழிவுக்கு முந்தைய நிலையாகக் கணக்கிடப்படுவது. இப்போதே கவனித்தால் பெரும்பாலும் இயல்பு நிலைக்குத் திரும்பிவிடக்கூடியது. வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தால் போதும், அதற்கு மேல் அவசரப்பட வேண்டாம். மருத்துவர் மாத்திரை தொடங்கியிருந்தால், சோற்றைக் குறைக்கும் முன் அவரிடம் சொல்லிவிடுங்கள், சர்க்கரை மிகவும் இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்தச் சர்க்கரைப் பரிசோதனை ஏறக்குறைய மூன்று மாதத்து நிலையைக் காட்டுவது என்பதால், அதற்கு முன் மறுபடி எடுத்துப் பயனில்லை. அடுத்த முடிவு வந்ததும் எழுதுங்கள், அதோடு உங்கள் எண்ணெய் கேன் எத்தனை நாள் வந்தது என்பதையும் எழுதுங்கள்.