படகின் பின்னால் மாட்டும் பழைய அவுட்போர்டு எஞ்சின் காலையில் ஸ்டார்ட் ஆகவே அடம் பிடிக்கிறது, சூடானபின் ஒரே இழுப்பில் கிளம்புகிறது. ஸ்பார்க் பிளக் மாற்றியும் சரியாகவில்லை. எங்கே பார்ப்பது?

இந்நேரம் யாராவது உங்களிடம் "பிஸ்டன் ரிங் போச்சு, வேற எஞ்சின் வாங்கிடுங்க" என்று சொல்லியிருப்பார்கள். இல்லையென்றால் சீக்கிரம் சொல்வார்கள். என்னிடமும் சொன்னார்கள், அதனால்தான் எழுதுகிறேன். தயவுசெய்து அவசரப்பட்டு எஞ்சினைத் தள்ளிவிடாதீர்கள்.

உங்களுடையது டூ ஸ்ட்ரோக், கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்வது என்று எடுத்துக்கொள்கிறேன். சூடானால் ஒரே இழுப்பு என்கிறீர்களே, அதிலேயே பாதி விடை இருக்கிறது. பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் பழுதானால் பெரும்பாலும் சூட்டில்தான் மக்கர் செய்யும். குளிரில் மட்டும் தகராறு என்றால் முதலில் பெட்ரோல் போகும் வழியைப் பாருங்கள். குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் லேசில் ஆவியாகாது. அதுவும் டூ ஸ்ட்ரோக்கில் சிலிண்டருக்கு அடியில் இருக்கும் கிராங்க் கேஸ் வழியாகச் சுற்றிப்போய்த்தான் சிலிண்டருக்குள் நுழைய வேண்டும்; பாதி பெட்ரோல் வழியிலேயே சில்லென்ற உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்தக் குறையை ஈடுகட்டத்தான், காற்று வழியை ஒரு தகட்டால் அடைத்துப் பெட்ரோலைக் கூடுதலாக இழுக்க வைக்கும் சோக் இருக்கிறது.

என் எஞ்சின் இரண்டு சிலிண்டர், ஒரே கார்புரேட்டர், இன்னொருவரிடமிருந்து வாங்கியது. இதே வியாதிதான். பார்க்க வந்த மெக்கானிக் கயிற்றை இரண்டு தரம் இழுத்துவிட்டு, ரிங் தேய்ந்து கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம், இல்லை என்று சொல்லிவிட்டார். கேஜ் வைத்துப் பார்த்துவிடலாமே என்றேன். "இத்தனை வருஷ அனுபவத்துக்குக் கேஜ் எதுக்கு சார்?" என்று கேட்டார். நான் ஒரு கேஜ் வாங்கி, இரண்டு பிளக்கையும் கழற்றி, த்ராட்டிலை முழுதாகத் திறந்து வைத்து இழுத்துப் பார்த்தேன். இரண்டு சிலிண்டரும் 110 பிஎஸ்ஐ பக்கத்தில் நின்றன. அழுத்தம் இந்த அளவு இருந்து, ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்குமேல் வித்தியாசமும் இல்லையென்றால் கவலைப்பட ஒன்றுமில்லை.

அப்புறம் சோக்கை இழுத்து வைத்து, கை வலிக்கும்வரை கயிற்றை இழுத்துவிட்டுப் பிளக்கைக் கழற்றினேன். நுனி காய்ந்து கிடந்தது, பெட்ரோல் வாசனைகூட இல்லை. ஸ்பார்க் இருந்து என்ன பயன், எரிய ஏதாவது வர வேண்டுமே. கார்புரேட்டர் முன்னால் இருக்கும் ஏர் பாக்ஸ் மூடியைக் கழற்றி, சோக் குமிழை ஒருவரை வெளியே இழுக்கச் சொல்லிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். குமிழ் முழுதாக வெளியே வந்துவிட்டது. உள்ளே தகடு மட்டும் முழுதாக மூடவில்லை. ஒரு நகம் நுழையும் அளவுக்கு மேலே இடைவெளி. குமிழையும் தகட்டையும் இணைக்கும் கம்பியில் ஒரு சின்ன பிளாஸ்டிக் புஷ் (வளையம்) தேய்ந்து, இழுப்பு அந்த ஆட்டத்திலேயே போய்க்கொண்டிருந்தது. தகட்டை ஒரு கம்பியால் முழுதாக மூடிப் பிடித்துக் கயிற்றை இழுத்ததும் எஞ்சின் இருமியது. சோக்கைப் பாதி உள்ளே தள்ளி மறுபடி இழுத்தேன், பிடித்துக்கொண்டது. இத்தனைக்கும் காரணம் சுண்டுவிரல் நகம் அளவு புஷ்!

அதைத் தனியாகத் தரமாட்டார்களாம், முழு லிங்க் செட்டாகத்தான் வாங்க வேண்டுமாம். சில எஞ்சின்களில் பியூவல் பம்ப் டயஃப்ரமுக்கும் இதே கதைதான். ரப்பர் ஒன்று போனால் பம்ப்பையே மாற்று என்றால் எப்படி? நன்றாக ஓடும் எஞ்சின்கள் பழைய இரும்புக் கடைக்குப் போவதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்பேன்.

கம்ப்ரெஷன் குறைந்தாலும் குளிரில் ஸ்டார்ட் ஆகாது என்று சிலர் சொல்ல வருவீர்கள். உண்மைதான், நான் மறுக்கவில்லை. அளந்துவிட்டுச் சொல்லுங்கள் என்றுதான் சொல்கிறேன். ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடித்தால் போதும் என்பவர்களுக்கும் ஒன்று: டூ ஸ்ட்ரோக்கில் உள்பாகங்களுக்கு ஆயில் பெட்ரோலோடு கலந்துதான் வருகிறது. அந்த ஸ்பிரே ஆயில் படலத்தைக் கழுவிவிடும். எனக்கு அது வேண்டவே வேண்டாம்.

சரி, உங்கள் எஞ்சினுக்கு வருவோம். டேங்க் மூடியில் இருக்கும் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா பாருங்கள். ஹோஸில் இருக்கும் ரப்பர் பல்பை, அம்புக்குறி எஞ்சினைப் பார்த்து மேல்நோக்கி இருக்கும்படி பிடித்து, இறுகும்வரை அமுக்குங்கள். இறுகவே இல்லையென்றாலோ, இறுகிய வேகத்தில் தளர்ந்துவிட்டாலோ, பெரும்பாலும் பல்பின் வால்வு, ஹோஸ் கனெக்டரின் ஓ ரிங், கார்புரேட்டருக்குள் பெட்ரோலை நிறுத்தும் ஃப்ளோட் ஊசி மூன்றில் ஒன்று கசிகிறது. பெட்ரோல் மாதக்கணக்கில் கிடந்ததா? சீக்கிரம் ஆவியாகும் பகுதிதான் முதலில் பறந்துபோகும், குளிரில் ஸ்டார்ட் ஆகத் தேவைப்படுவதும் அதுதான். புதிதாகக் கலந்து ஊற்றிப் பாருங்கள். அப்புறம் சோக் தகடு. சில எஞ்சின்களில் தகடு இருக்காது, பிரைமர்தான் பெட்ரோலை உள்ளே பீய்ச்சும். அங்கே பிரைமர் வேலை செய்கிறதா பாருங்கள். எஞ்சின் பிடித்ததும் குளிரூட்டும் தண்ணீர் இல்லாமல் ஓடவிடாதீர்கள், தண்ணீர் பம்ப்பின் ரப்பர் இம்பெல்லர் கருகிவிடும்.

கார்புரேட்டர் ஸ்க்ரூக்களைக் கடைசிவரை தொடாதீர்கள். இத்தனையும் சரியாக இருந்து, பிளக் நனைந்தே வந்தும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால்தான் ஸ்பார்க் பக்கம் போக வேண்டும். பாயிண்ட் (ஸ்பார்க் வரும் நேரத்தைத் தீர்மானிக்கும் திறந்து மூடும் முனைகள்) வைத்த எஞ்சின் என்றால் ஃப்ளைவீலுக்கு அடியில் பாயிண்ட் இடைவெளியிலிருந்து ஆரம்பியுங்கள்.