சர்டிபிகேட் இல்லாவிட்டால் பாஸிங் ஆகாதா?

கேள்வி: மும்பை செம்பூரில் ஒரு பள்ளியில் அலுவலகப் பணியில் இருக்கிறேன். இந்த ஆண்டு பஸ் பொறுப்பையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். ஆறு பஸ்களும் கான்ட்ராக்டருடையவை. டிரைவர்களுக்கும் பஸ்ஸில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வரும் மாவுஷிகளுக்கும் (பெண் உதவியாளர்கள்) ஒரு நாள் பயிற்சி முகாம் நடத்தி சர்டிபிகேட் தருவதாக ஒரு ஏஜென்ட் வந்திருக்கிறார். தலைக்கு 1,800 ரூபாய். அது இல்லாவிட்டால் வடாலா ஆர்.டி.ஓ.வில் பாஸிங் ஆகாது என்கிறார். கட்டாயமா? நாளை ஏதாவது ஆனால் என்னைப் பிடிப்பார்களா? (பெயர் வெளியிட வேண்டாம்)

பதில்: கட்டாயம் இல்லை. பாஸிங் என்பது வண்டி ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் சோதனை; அது வண்டிக்குத்தான், டிரைவருக்கு இல்லை. பிரேக், டயர், விளக்கு, ஸ்பீடு கவர்னர் என்று வண்டியைப் பார்த்துத்தான் எஃப்.சி. (தகுதிச் சான்று) தருவார்கள். உங்கள் டிரைவர் எந்த ஹோட்டல் ஹாலில் உட்கார்ந்து சமோசா சாப்பிட்டார் என்று அங்கே யாரும் கேட்கப்போவதில்லை. எந்தச் சட்டம், எத்தனையாவது விதி என்று லெட்டர்பேடில் எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் அதோடு போன் வருவது நின்றுவிடும்.

இந்தக் கதைக்கு ஒரு மூலம் உண்டு. பெட்ரோல், கேஸ் மாதிரி அபாயகரமான சரக்கு ஏற்றும் வண்டியை ஓட்டுபவர்களுக்கு மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன் 9-ஆவது விதிப்படி மூன்று நாள் பயிற்சியும் சர்டிபிகேட்டும் கட்டாயம். உங்களுக்குப் பக்கத்திலேயே மாஹுல் ரிஃபைனரிகள் இருக்கின்றன. டேங்கர் ஓட்டிவிட்டுப் பள்ளி பஸ்ஸுக்கு வந்தவர்கள் உங்களிடமும் இருக்கலாம், அவர்கள் பையில் அந்தக் காகிதமும் இருக்கலாம். அதைக் காட்டி 'பாருங்கள், சட்டம்' என்பார்கள். அது டேங்கருக்கான சட்டம். டேங்கர் ஓட்டியவரே உங்கள் பஸ்ஸை ஓட்டினாலும் அது டேங்கருக்குத்தான். மே மாத லீவில் அவர் திரும்ப டேங்கர் ஓட்டப் போனால் அவருக்கு அது வேண்டும். அதுவும் அவர் பாடு, டேங்கர் முதலாளி பாடு. பள்ளி அதற்கு ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை.

அதற்காகப் பயிற்சியே வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்ஸோ சட்டத்தின் 2020 விதிகள் தெளிவாகச் சொல்கின்றன: பிள்ளைகளோடு பழகும் எல்லா ஊழியருக்கும், ஒப்பந்த ஊழியர் உட்பட, போலீஸ் சரிபார்ப்பு நடக்க வேண்டும், குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சியை அவ்வப்போது நடத்த வேண்டும். பொறுப்பு நிறுவனத்தின் மேல். 'அவர்கள் கான்ட்ராக்டர் ஆட்கள்' என்று பள்ளி கைகழுவ முடியாது. ஆனால் வெளியாளிடம் காசு கொடுத்துத்தான் நடத்த வேண்டும் என்று எங்கேயும் இல்லை.

ஏஜென்ட் காட்டும் 'அரசு அங்கீகாரம்' என்ன என்றும் பாருங்கள். பாதிப் பேரிடம் இருப்பது உத்யம் (சிறுதொழில்) பதிவு எண், இல்லாவிட்டால் ஒரு ஐ.எஸ்.ஓ. முத்திரை. உத்யம் பதிவு பஜ்ஜிக் கடைக்கும் கிடைக்கும். கான்ட்ராக்டர் இந்த முகாமுக்கு ரொம்பவே ஆர்வம் காட்டினால், அந்த 1,800-இல் அவருக்கு எவ்வளவு என்றும் யோசியுங்கள். நான் பார்த்த முகாம்களில் பேனர் கட்டி குரூப் போட்டோ எடுப்பதற்கே அரை மணி நேரம் போகும். இங்கிலீஷ் ஸ்லைடு ஓடும். கேட்பவர்கள் இந்தி, மராத்தி, தமிழ் பேசுபவர்கள். தீயணைப்பானை ஒருவரும் கையில் தொட்டிருக்க மாட்டார்கள்.

காலையில் பிள்ளைகளை இறக்கியதற்கும் மதியம் ஏற்றுவதற்கும் நடுவில் பஸ்கள் பள்ளி வாசலில் சும்மாதானே நிற்கின்றன? பயிற்சிக்கு அந்த இரண்டு மணி நேரம் போதும். முதலில் நீங்களே டிரைவர் சீட்டில் ஏறி உட்காருங்கள். ஒரு மாவுஷியை யு.கே.ஜி. பிள்ளை உயரத்துக்கு பம்பருக்கு முன்னால் குந்தி உட்காரச் சொல்லுங்கள். உங்கள் கண்ணுக்குத் தெரிய மாட்டார். இறங்கிய பிள்ளை பஸ்ஸுக்கு முன்னால் குறுக்கே ஓடக் கூடாது என்பதும், மாவுஷி கீழே இறங்கிக் கையைப் பிடித்துக் கடத்திவிட வேண்டும் என்பதும் அப்போது எல்லோருக்கும் ஒரே நிமிடத்தில் புரியும். அப்புறம் ஒவ்வொருவரையும் அவசரக் கதவைத் திறக்கச் சொல்லுங்கள். துருப்பிடித்த கைப்பிடியோ, குறுக்கே வைத்த ஸ்டெப்னியோ அங்கேதான் அகப்படும். ரீஃபில்லுக்குப் போகவேண்டிய தீயணைப்பானை வெறுமனே அனுப்பாமல், பின்னை உருவி அடித்துப் பழகக் கொடுத்துவிட்டு அனுப்புங்கள்.

ஒவ்வொரு டிரிப் முடிவிலும் மாவுஷி கடைசி சீட் வரை நடந்து போய், குனிந்து சீட்டுக்கு அடியிலும் பார்க்க வேண்டும். 2022 செப்டம்பரில் கத்தாரில் கேரளத்துக் குழந்தை ஒன்று பஸ்ஸிலேயே தூங்கிவிட்டது. பார்க்காமல் பூட்டிவிட்டுப் போனார்கள். வெயிலில் உயிர் போய்விட்டது. நான்கு வயது.

பள்ளிப் பேருந்துக்கென்றே மகாராஷ்டிரத்தில் 2011-இல் விதிகள் வந்தன. அதன்படி தலைமை ஆசிரியர் தலைமையில் ஒரு போக்குவரத்துக் குழு இருக்க வேண்டும். பெற்றோர் பிரதிநிதி, டிராஃபிக் போலீஸ் எல்லாம் அதில் உண்டு. பல பள்ளிகளில் அந்தக் குழு மினிட்ஸ் புத்தகத்தில் மட்டும்தான் கூடும். டிராஃபிக் போலீஸ் அதிகாரியைக் கேட்டால் 'சாஹேப் பிஸி' என்பார்கள். விடாதீர்கள், குழு உறுப்பினர் என்ற முறையிலேயே அவரைப் பயிற்சிக்கு எழுத்தில் கூப்பிடுங்கள். வந்தால் செலவே இல்லை, வராவிட்டால் நீங்கள் கூப்பிட்டதற்குக் கடிதம் இருக்கும்.

உங்களைப் பிடிப்பார்களா என்று கேட்டீர்கள். ஏதாவது நடந்தால் முதலில் கேட்பது லைசென்ஸ், போலீஸ் சரிபார்ப்பு, அன்று பஸ்ஸில் யார் இருந்தார்கள் என்ற மூன்றும்தான். 1997 நவம்பரில் டெல்லி வஜிராபாத்தில் பஸ் யமுனையில் விழுந்து 28 பிள்ளைகள் இறந்தார்கள். அதன்பின் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைகளை சி.பி.எஸ்.இ.யும் பள்ளிகளுக்கு அனுப்பியிருக்கிறது: கனரக வாகனம் ஓட்டிய ஐந்து வருட அனுபவம் வேண்டும், அதிவேகம், குடிபோதை, ஆபத்தாக ஓட்டியது ஆகியவற்றுக்கு ஒரு தடவை சலான் வாங்கியிருந்தாலும் ஆகாது. கான்ட்ராக்டர் தரும் ஜெராக்ஸை நம்பாமல், லைசென்ஸ் எண்ணையும் பிறந்த தேதியையும் மத்திய போக்குவரத்து அமைச்சகத்தின் பரிவாஹன் இணையதளத்தில் போட்டு நீங்களே பாருங்கள். முக்கியமாக பதிலி டிரைவரை. வழக்கமான ஆள் ஊருக்குப் போனால் கான்ட்ராக்டர் காலை ஆறு மணிக்கு எவரையோ அனுப்புவார். பெயர் முன்கூட்டியே உங்கள் பட்டியலில் இல்லாதவர் ஸ்டியரிங் தொடக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

பயிற்சி நடந்த தேதி, என்ன சொல்லிக்கொடுத்தீர்கள், அவரவர் கையெழுத்து, இவற்றை ஒரு நோட்டில் வையுங்கள். ஏஜென்டுக்கு முன்பணம் ஏதும் கொடுத்திருந்தால் ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள். 'பாஸிங் ஆகாது' என்று அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் அதையும் அழிக்காமல் வைத்திருங்கள்; பணத்தைத் திருப்பிக் கேட்க அது போதும்.