ஆயா ஜிம்முக்கா போனாங்க? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். எனக்கு 37 வயசு. சொந்த ஊரு காவேரிப்பட்டணம் பக்கம், இப்ப ஓசூர்ல ஒரு கம்பெனில ஷிப்ட் வேலை. போன வருஷம் செக்கப்ல சுகர் பார்டர்ல இருக்குன்னு சொன்னாங்க, பயந்துபோய் ஜிம்ல ஒரு வருஷத்துக்கும் சேத்து மொத்தமா பணம் கட்டிட்டேன். நாலு மாசம் ஒழுங்கா போனேன், அப்புறம் முடியல. வலிக்குதுன்னு இல்லண்ணா, போரடிக்குது. அதே கம்பி, அதே கண்ணாடி, அதே பாட்டு. ஞாயித்துக்கிழமை ஊருக்கு போனா காஞ்ச ஏரில பசங்களோட ரெண்டு மணி நேரம் வாலிபால் ஆடறேன், நேரம் போறதே தெரியல. ட்ரெய்னர்கிட்ட சொன்னா "ப்ரோ, விளையாட்டு வேற ஒர்க்அவுட் வேற, அதெல்லாம் கணக்குலயே வராது"ங்கறாரு. பிடிச்சதை செஞ்சா போதுமா, இல்ல பிடிக்காட்டியும் ப்ளான் போட்டு ஜிம்முக்குத்தான் போகணுமா? ப்ரோட்டீன் பவுடர் எடுக்கலாமா? தினம் பத்தாயிரம் ஸ்டெப் நடந்தா வெயிட்டே தூக்க வேணாம்னு ஒருத்தர் சொன்னாரு, நிஜமா?

எங்கம்மாவுக்கு இதெல்லாம் பாத்தா சிரிப்பு. அவங்களுக்கு முட்டிவலி, மாடிப்படி ஏற முடியாது, ஆனா என்னை பாத்து "காசு குடுத்து கல்லு தூக்கறான்"ம்பாங்க. யோசிச்சா அதுவும் சரின்னுதான் படுது. நம்ம ஆயாங்க எல்லாம் ஜிம்முக்கா போனாங்க? உரல்ல இடிச்சாங்க, தண்ணி சுமந்தாங்க, களி தின்னாங்க, தொண்ணூறு வயசு வரைக்கும் கல்லு மாதிரி இருந்தாங்க. அவங்க வேலையே அவங்களுக்கு எக்சர்சைஸ். நாமதான் அதையெல்லாம் விட்டுட்டு ட்ரெட்மில்லுல ஓடறோமோ?

(பேர் போட வேணாம்ணா)

*

தம்பி,

உங்க கடிதத்தை போன்ல படிச்சிட்டிருந்தப்ப எங்கம்மா எதிர்த்தாப்ல கட்டில்ல உக்காந்து தலைக்கு எண்ணெய் வச்சிட்டிருந்தாங்க. அவங்களுக்கு வலது கை தானா மேல போகாது. இடது கையால அதை முழங்கைகிட்ட புடிச்சு, ஏதோ அடுத்தவங்க கைய தூக்கற மாதிரி தூக்கி தலை மேல வைப்பாங்க, வச்சதுக்கப்புறம் விரல் மட்டும் வேலை செய்யும். பல வருஷமா பாக்கறேன், பழகிப்போச்சு. அன்னிக்குன்னு பாத்து உங்க கடைசி பத்தியும் அந்த கையும் ஒண்ணா கண்ணுல பட்டுச்சு, அதான் இந்த பதில். மத்தபடி உடம்பை பத்தி பேச நான் யாரு, டாக்டரும் இல்ல மாஸ்டரும் இல்ல.

சின்ன கேள்விங்களை முதல்ல தள்ளிவிட்டுடறேன். ப்ரோட்டீன் பவுடரை என்கிட்ட கேக்காதீங்க, சுகர் பார்டர்ல இருக்கறவர் அதை டாக்டர்கிட்டதான் கேக்கணும், காவேரிப்பட்டணத்துக்காரருக்கு கொள்ளும் முட்டையும் கிடைக்காதா என்ன. பத்தாயிரம் ஸ்டெப்ங்கறது 1965ல ஜப்பான்ல விக்க வந்த, நடக்கற அடிய எண்ணற ஒரு மெஷினோட பேரு, 'மான்போ கெய்', பத்தாயிரம் அடி மீட்டர்னு அர்த்தம். நடங்க, நல்லதுதான், ஆனா நடந்தா வெயிட்டே வேணாம்னு சொன்னவர்கிட்டேருந்து கொஞ்சம் தள்ளி நடங்க. உங்க ட்ரெய்னர் சொன்னதும் தப்பு. கணக்குல வராதுன்னா யாரோட கணக்கு? உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்னது, வாரத்துக்கு 150லேருந்து 300 நிமிஷம் ஓரளவு மூச்சு வாங்கற மாதிரி எதாவது செய்யணும், இல்லன்னா நல்லா மூச்சிரைக்க 75லேருந்து 150 நிமிஷம், அது போக ரெண்டு நாளாவது தசைக்கு வேலை குடுக்கணும். மூச்சு வாங்கற கணக்குல உங்க வாலிபால் ஜம்முனு வந்துடும், தசை கணக்குல வராது. ரெண்டு நாள் ஜிம்முக்கு போங்க, பந்தை ஞாயித்துக்கிழமையோட விடாம ஓசூர்லயும் ஒரு டீம் புடிங்க. முடிஞ்சுது.

ஆனா "அவங்க வேலையே அவங்களுக்கு எக்சர்சைஸ்"னு ஒரு வரி எழுதுனீங்களே. அதுக்கு உங்களை நாலு வார்த்தை திட்டணும், பொறுத்துக்கோங்க.

நான் பாலக்கோடு பக்கம். எங்கம்மா புளி தட்டி என்னை படிக்க வச்சவங்க. மாசி பங்குனி வந்தா நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலயும் எத்தனை திண்ணைல அந்த சத்தம் கேக்கும்னு உங்களுக்கு தெரியாம இருக்காது. வியாபாரி மூட்டைய இறக்கிட்டு போயிடுவான். காலைல ஆறு மணிக்கு குந்துனா, கல்லு மேல புளிய வச்சு சின்ன இரும்பு தடியால தட்டி ஓட்டை உடைக்கணும், நாரை உருவணும், ஒவ்வொண்ணா பொளந்து கொட்டைய எடுக்கணும். பலமா தட்டுனா எல்லாம் சேந்து நசுங்கிடும், லேசா தட்டுனா ஓடு வராது, அதனால அந்த கை முழு பலத்தையும் போடாது சும்மாவும் இருக்காது, தோள்லேருந்து அரை பலத்துலயே பொழுதுக்கும் ஏறி இறங்கிட்டிருக்கும். விரல் நுனியெல்லாம் கருத்து வெடிச்சு அதுல புளி இறங்கி எரியும், ராத்திரி சோத்துல கை வைக்க முடியாம ஸ்பூன்ல சாப்பிடுவாங்க. எங்க தெருவுலயே ஸ்பூன்ல சாப்பிடற ஒரே பொம்பளை எங்கம்மாதான்னு நான் பள்ளிக்கூடத்துல பெருமையா சொல்லிட்டு திரிஞ்சிருக்கேன். கூலி கிலோ கணக்கு. கிலோ கணக்குல கூலின்னா உடம்பு சொன்னா நிறுத்த முடியுமா, மூட்டை தீந்தாத்தான் நிறுத்தலாம்.

இது எத்தனை செட், எத்தனை ரெப், ரெஸ்ட் டே என்னிக்குன்னு உங்க ட்ரெய்னர்கிட்டயே கேட்டு பாருங்க.

அந்த தொண்ணூறு வயசு கதையும் எனக்கு ஆகாது. தொண்ணூறு வரைக்கும் இருந்த ஆயாவைத்தானே நாம பாத்தோம், அதனால எல்லா ஆயாவும் தொண்ணூறு வரைக்கும் இருந்தாங்கன்னு நினைச்சுக்கறோம். எங்கப்பாவோட அம்மா நாப்பது சொச்சத்துலயே போய் சேந்துட்டாங்க, ஒரு போட்டோ கூட இல்ல, அவங்க என்ன இடிச்சாங்க என்ன தின்னாங்கன்னு சொல்லவும் ஆள் இல்ல. அம்மாவோட அம்மா பென்னாகரம் பக்கம், அவங்க எண்பது வரைக்கும் இருந்தாங்க, ஆமா, ஆனா எப்படி இருந்தாங்க? ரெண்டா மடிஞ்சு இருந்தாங்க. வாசல்ல யாராவது வந்து நின்னா மூஞ்சிய பாக்க தலைய பக்கவாட்டுல திருப்பணும், கோழி பாக்குமே அந்த மாதிரி. அது சுமந்ததால வந்ததா தண்ணியால வந்ததான்னு பிரிச்சு சொல்ல முடியாது. அந்த பக்கத்து கிணத்துலயும் போர்லயும் ப்ளோரைடு, ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாதும்பாங்க, நம்ம மாவட்டத்துல எத்தனையோ ஊர்ல அதை தாண்டித்தான் இருந்துச்சு. சின்ன வயசுல பல்லுல காவி கறை, வருஷக்கணக்கா குடிச்சா மூட்டும் முதுகெலும்பும் இறுகிப் போயிடும். ஒகேனக்கல் கூட்டு குடிநீர் 2013லதான் வந்துச்சு, ஆயா அதுக்கு முன்னாடியே போயிட்டாங்க. எலும்பை இறுக்கற தண்ணிய சும்மாடு கட்டி தலையில சுமந்துட்டு வந்து அதையே குடிச்சிருக்காங்க தம்பி. கல்லு மாதிரி இருந்தாங்கன்னு நீங்க எழுதுனது சரியான வார்த்தைதான், என்ன, நீங்க நினைச்ச அர்த்தத்துல இல்ல.

இது என் கோவம் மட்டும் இல்ல. ஓய்வு நேரத்துல உடம்பை அசைச்சா ஆயுசுக்கு நல்லதுன்னு எல்லாரும் ஒத்துக்கறாங்க. ஆனா 2018ல ஒரு பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழ்ல நிறைய ஆய்வுங்களை ஒண்ணா சேத்து பாத்தாங்க, வேலையிலயே உடம்பை முறிக்கற ஆம்பளைங்களுக்கு, வேலையில அவ்வளவா அசையாதவங்களை விட சீக்கிரம் சாவற வாய்ப்பு 18 சதவீதம் அதிகம்னு வந்துச்சு. வறுமையால வர்ற மத்த கஷ்டமும் அதுல கலந்திருக்கும்னு சண்டை போடறவங்க இருக்காங்க, இருக்கட்டும். பொம்பளைங்களுக்கு அப்படி வரலையாம். அந்த கணக்குல புளி தட்டுனவங்க எத்தனை பேர் இருந்தாங்களோ.

எதிர் உதாரணமும் இருக்கு, மறைக்க மாட்டேன். லண்டன்ல மாடி பஸ் கண்டக்டருங்களையும் டிரைவருங்களையும் வச்சு ஜெரி மோரிஸ்னு ஒரு டாக்டர் 1953ல எழுதுனாரு, நாள் பூரா படி ஏறி இறங்கற கண்டக்டருக்கு மாரடைப்பு கம்மி, உக்காந்தே இருக்கற டிரைவருக்கு ஜாஸ்தின்னு. உடற்பயிற்சி ஆராய்ச்சின்னாலே அதுலதான் ஆரம்பிப்பாங்க. மூணு வருஷம் கழிச்சு அவங்களே யூனிபார்ம் அளவை எடுத்து பாத்தா டிரைவருங்களோட பேண்ட் இடுப்பு ஆரம்பத்துலேருந்தே பெருசா இருந்திருக்கு, அதனால எல்லாம் வேலையாலதான் வந்துச்சுன்னு சொல்லிட முடியாது, அது தனி கதை. எங்க மாமா தர்மபுரி பென்னாகரம் ரூட்ல தனியார் பஸ் கண்டக்டரா இருந்தவர், அவர்கிட்ட இதை ஆசையா சொன்னேன். "அங்க எத்தனை மணி நேரம் டூட்டி?"ன்னு கேட்டாரு. எனக்கு தெரியல. லுங்கிய கொஞ்சம் தூக்கி காலை காட்டுனாரு, கெண்டைக்கால்ல நரம்பு புழு மாதிரி சுருண்டு சுருண்டு நிக்குது, நின்னே போன வருஷமெல்லாம் அங்க இருக்கு. அதுக்கப்புறம் மாமாகிட்ட ஆராய்ச்சி பேசறதில்ல.

இப்ப என் கதை. எனக்கு 46 வயசுல முதுகு புடிச்சுக்கிச்சு, உக்காந்து எழுதற முதுகு, வேற என்ன. பிசியோகாரர் பாத்துட்டு தசைய பலப்படுத்தலன்னா திரும்ப திரும்ப வருவீங்கன்னாரு. நாலு ரோடு பக்கம் ஒரு டயர் கடைக்கு மேல ஜிம், கீழேருந்து ரப்பர் வாசனை, மேல வேர்வை வாசனை. சொல்லிக்குடுக்கற பையனுக்கு 24 வயசு இருக்கும், அரூர் பக்கத்து பையன். முதல் நாள் தட்டே மாட்டல, வெறும் கம்பி, அதுவே 20 கிலோ. எட்டு தடவை தூக்குனேன், ஒன்பதாவதுக்கு மூச்சை புடிக்கறப்ப "அண்ணா போதும், கீழ வைங்க"ன்னான். எனக்கு ரோஷம், இன்னும் முடியும்பான்னேன். "முடியும்ணா, அதான் போதும்னேன். மீதி வியாழக்கிழமை."

வெளிய வந்து படியில உக்காந்துட்டேன். அழுதேன்னு சொல்லல, உக்காந்துட்டேன். எங்க வீட்ல மூணு தலைமுறையா சுமை தூக்கியிருக்காங்க, தூக்கிட்டிருக்கும்போதே ஒருத்தன் பக்கத்துல நின்னு மூஞ்சிய பாத்து போதும் கீழ வையின்னு எங்கம்மாகிட்டயோ ஆயாகிட்டயோ எப்பவாவது சொல்லியிருப்பானா? இன்னும் ஒரு மூட்டை இருக்குன்னுதான் சொல்லியிருப்பான். நீங்க போரடிக்குதுன்னு சொல்ற அந்த ப்ளான் இருக்கே, நோட்டுல எழுதி வாரத்துக்கு ரெண்டரை கிலோ ஏத்தறது, அது உங்க உடம்புக்கு தக்கன சுமைய வைக்கற ஏற்பாடு. சுமைக்கு தக்கன உடம்பை வளைக்கறது எங்க திண்ணைல நடந்துச்சு. அந்த 3 செட் 10 ரெப், அதாவது பத்து பத்து தடவையா மூணு சுத்து தூக்கறது, எங்கேருந்து வந்துச்சுன்னு நினைக்கறீங்க? ரெண்டாம் உலகப்போர்ல காயம்பட்டு வந்த சிப்பாய்ங்களோட காலை தேத்தறதுக்கு தாமஸ் டிலார்ம்னு ஒரு அமெரிக்க ராணுவ டாக்டர் கொஞ்சம் கொஞ்சமா எடைய ஏத்தற முறைய கொண்டு வந்தாரு, அப்புறம் 1948ல அதை 3 செட்டா சுருக்குனாங்க, முதல் செட் பாதி எடை, அடுத்தது முக்கால், கடைசி முழுசு. ஒடிஞ்ச ஆளுங்களுக்காக வந்த கணக்கு அது, கண்ணாடி முன்னாடி நின்னு கைய மடக்கி பாக்கறதெல்லாம் பின்னாடி சேந்தது. போரடிக்கட்டுமே தம்பி, வாரத்துக்கு ரெண்டு நாள்தானே. பாட்டு பிடிக்கலன்னா மாத்த சொல்லுங்க.

வாலிபாலை விட்டுடாதீங்க. குதிச்சு அடிச்சிட்டு கீழ வர்றப்ப 37 வயசு முட்டி என்ன சொல்லுதுன்னு மட்டும் கவனிங்க, அதுக்கும் அந்த ரெண்டு நாள் உதவும்.

கடைசியா இன்னொரு திட்டு பாக்கி இருக்கு. அம்மாவுக்கு முட்டிவலி, மாடிப்படி ஏற முடியாதுன்னு எழுதிட்டு அதே மூச்சுல அவங்க சிரிக்கறாங்கன்னு எழுதி அடுத்த வரிக்கு போயிட்டீங்க. உங்களுக்கு ஒரு வருஷத்து பணத்தை கட்ட தெரிஞ்சுது, நாலு மாசத்துல அதை விடவும் தெரிஞ்சுது. அவங்க முட்டிய ஒரு நல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க. தேய்மானம்தான்னு சொல்லிட்டா தொடைக்கு பலம் ஏத்தற பயிற்சிதான் முதல்ல சொல்ற வைத்தியத்துல ஒண்ணு, அதுக்கு ஜிம் கூட வேணாம், கைப்புடி வச்ச ஒரு நாற்காலி போதும். கல்லு தூக்கறான்னு சிரிக்கறாங்கன்னா அவங்க வாழ்நாள்ல காசு வாங்கிட்டு எவ்ளோ கல்லு தூக்குனாங்கன்னு ஒரு நாள் உக்காந்து கேளுங்க, எனக்கு எழுதுங்க.

உங்க கடிதம் வந்த மறுநாள் எங்கம்மாவையும் உக்கார வச்சேன். தோளு இனிமே திரும்பாது, காலாவது இருக்கட்டும்னு. நாற்காலிய சுவத்தோட ஒட்டி போட்டு, எந்திரிச்சு நிக்கணும், மெதுவா உக்காரணும், பத்து தடவைன்னேன். எதுக்குடா இதெல்லாம்னு திட்டிக்கிட்டேதான் எந்திரிச்சாங்க. ஆறாவதுலயே காலு லேசா நடுங்க ஆரம்பிச்சுது, ஏழு, எட்டு. "போதும்மா, உக்காருங்க"ன்னேன். "பத்துன்னியே, இன்னும் ரெண்டு கிடக்குதே"ன்னு சொல்லி, என் கைய தட்டிவிட்டுட்டு ரெண்டையும் முடிச்சிட்டுத்தான் உக்காந்தாங்க.