வாங்கும் வேகமும் வாங்கும் கொள்ளளவும்: நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: நொடிக்கு 100 மெகாபிட் வேகம் தருவதாகச் சொல்லப்பட்ட இணைய இணைப்பை வாங்கியிருக்கிறேன். ஆனால் பெரிய கோப்புகளைப் பதிவிறக்கும்போது கணினி நொடிக்கு 11 மெகாபைட்டைச் சற்றே தாண்டிய வேகத்தைத்தான் காட்டுகிறது. பத்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டி மட்டும் கிடைக்கும்போது புகார் கொடுக்கலாம்தானே?

பதில்: கொடுக்க வேண்டாம். நீங்கள் கேட்டு வாங்கிய வேகம் உங்களுக்குக் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. இணைப்பின் வேகத்தைப் பிட் கணக்கிலும் கோப்பின் அளவைப் பைட் கணக்கிலும் சொல்வது வழக்கம். ஒரு பைட்டுக்கு 8 பிட் என்பதால், 100 மெகாபிட்டை 8ஆல் வகுத்தால் நொடிக்கு 12.5 மெகாபைட் வருகிறது. விளம்பரங்களிலும் பெட்டிகளிலும் ஆங்கிலச் சுருக்கம் அச்சிடப்பட்டிருந்தால், சிறிய 'பி' பிட்டையும் பெரிய 'பி' பைட்டையும் குறிக்கும். எட்டு மடங்கு வேறுபாட்டை ஓர் எழுத்தின் உருவத்தில் ஒளித்து வைத்திருக்கும் இந்த வழக்கம் வாங்குபவருக்கு உதவுவதில்லை என்பதே என் கருத்து.

மீதமுள்ள சிறு குறைவுக்கும் காரணம் உண்டு. தரவு சிறு சிறு பொட்டலங்களாக அனுப்பப்படுகிறது. ஒவ்வொன்றிலும் முகவரி, பிழைச் சரிபார்ப்பு போன்றவையும் இடம்பிடிக்கின்றன. கம்பிவழி ஈதர்நெட் இணைப்பில் வழக்கமான முழுப் பொட்டலம் 1,538 பைட் இடத்தை எடுத்துக்கொண்டு, அதில் 1,460 பைட் அளவுக்கே உங்கள் கோப்பைச் சுமந்து வருகிறது. எனவே 12.5 என்பது ஏறத்தாழ 11.9 ஆகிவிடுகிறது. உங்கள் கணினி 1,000க்குப் பதிலாக 1,024 பைட்டை ஒரு கிலோபைட், 1,024 கிலோபைட்டை ஒரு மெகாபைட் என்று எண்ணினால், அதே வேகம் திரையில் 11.3 என்று தெரியும்.

புகார் கொடுக்க வேண்டிய நிலை வேறு. 300 மெகாபிட் திட்டத்துக்குப் பணம் கட்டியும் வேகம் இதே 11.9ஐத் தாண்டாமல் நின்றால், நிறுவனத்தை அழைப்பதற்கு முன் ரவுட்டரின் துளையையும் கேபிளையும் பாருங்கள். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடிக் கம்பிகளே போதும். ஜிகாபிட் வேகத்துக்கு நான்கு ஜோடிகளும் வேண்டும். கூடுதலாக வேண்டிய அந்த இரண்டு ஜோடிகளில் ஒரு கம்பி அறுந்திருந்தால் இணைப்பு ஓசையில்லாமல் 100க்கு இறங்கிவிடலாம்.

கேள்வி: ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க் வாங்கினேன். விண்டோஸ் கணினியில் 931 ஜிகாபைட் என்றே காட்டுகிறது. காணாமல்போன 69 ஜிகாபைட் எங்கே?

பதில்: எங்கும் போகவில்லை. தயாரிப்பாளர்கள் டெரா என்பதை மெட்ரிக் முறைப்படி ஒரு லட்சம் கோடியாகவே கொள்கிறார்கள். வட்டில் அத்தனை பைட் இருக்கவே இருக்கிறது. விண்டோஸோ 1,024ஐ மும்முறை பெருக்கி வரும் 1,07,37,41,824 பைட்டை ஒரு ஜிகாபைட் என்று எண்ணுகிறது. ஒரு லட்சம் கோடியை அந்த எண்ணால் வகுத்தால் 931.3 கிடைக்கும். டிரைவின் மீது வலது சொடுக்கிப் பண்புகள் சாளரத்தைத் திறந்தால், ஜிகாபைட் எண்ணுக்கு அருகிலேயே முழுப் பைட் எண்ணிக்கையும் இருக்கும். பெட்டியில் உள்ளதோடு ஒப்பிட வேண்டியது அதைத்தான்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே 1998இல் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் 1,024ஐ அடிப்படையாகக் கொண்ட அளவுகளுக்குக் கிபிபைட், மெபிபைட், ஜிபிபைட் என்ற வரிசையில் தனிப் பெயர்களைத் தந்தது. லினக்ஸ் உலகில் அவை ஓரளவு பழக்கத்துக்கு வந்தன. ஆப்பிள் நிறுவனம் 2009 முதல் மேக் கணினிகளில் 1,000 கணக்குக்கே மாறிவிட்டதால், இதே வட்டை அங்கே செருகினால் முழு ஒரு டெராபைட் தெரியும். விண்டோஸ் 1,024 கணக்கையும் 1,000 கணக்குக்குரிய ஜிகாபைட் என்ற பெயரையும் சேர்த்தே வைத்திருக்கிறது. ஆகவே உங்கள் வழக்கில் பெட்டியில் அச்சிட்டவரைவிடத் திரையில் எழுதியவர்மீதுதான் எனக்குக் குறை. (பழைய 1.44 மெகாபைட் பிளாப்பி இன்னும் விநோதம்: அதில் மெகா என்பது 1,000 பெருக்கல் 1,024.)

அளவு பெரிதாகப் பெரிதாக இந்த இடைவெளியும் வளர்கிறது. கிலோவில் 2.4 விழுக்காடு, மெகாவில் 4.9, ஜிகாவில் 7.4, டெராவில் ஏறத்தாழ 10. ரேம் நினைவகம் மட்டும் 1,024 கணக்கிலேயே விற்கப்படுவதால் அங்கே இந்தச் சிக்கல் எழுவதில்லை.

ஆனால் இந்த விளக்கத்தை எல்லாக் குறைவுக்கும் விற்பவர் சொன்னால் ஏற்காதீர்கள். நம்ப முடியாத மலிவு விலையில் வரும் சில பென் டிரைவ்கள் பொய்யான கொள்ளளவைக் காட்டும்படி மாற்றப்பட்டவை. திரையில் முழு அளவும் தெரியும், உண்மையான இடம் தீர்ந்தபின் எழுதும் கோப்புகள் மட்டும் திறக்காது. டிரைவை முழுவதும் நிரப்பி, எழுதியதை மீண்டும் படித்துச் சரிபார்க்கும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. பொருளைத் திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் அந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

கேள்வி: மாதம் 100 ஜிகாபைட் வரம்புள்ள திட்டத்தில் எத்தனை மணி நேரம் காணொளி பார்க்கலாம்?

பதில்: காணொளி நொடிக்கு 5 மெகாபிட் எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். 5ஐ 3,600ஆல் பெருக்கி 8ஆல் வகுத்தால் மணிக்கு 2,250 மெகாபைட், அதாவது 2.25 ஜிகாபைட். எனவே 44 மணி நேரத்துக்குச் சற்று மேல் பார்க்கலாம். நிறுவனம் 1,024 கணக்கில் அளந்தால் 47 மணி நேரத்தைத் தாண்டும். எந்தக் கணக்கு என்பது ஒப்பந்த விதிமுறைகளில் சொல்லப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள்.