பணம் போயிருச்சு, ஆர்டர் வரலை: அந்தப் பக்கத்தை முதலில் எழுதுங்கள்

கேள்வி: அக்கா, ஆன்லைன் கடைகள் பணம் வாங்குவதற்கு ஒரு சின்ன லைப்ரரி (மற்ற டெவலப்பர்கள் தங்கள் புரோகிராமில் சேர்த்துக்கொள்ளும் தொகுப்பு) எழுதியிருக்கிறேன். ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் ரேசர்பே சேவையை உள்ளே வைத்து வேலை செய்கிறது. மண்டபத்தில் ஒரு கருவாட்டுக் கடையும், சாயல்குடியில் கருப்பட்டி விற்கும் ஒரு மகளிர் குழுவும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். இப்போது வேறு டெவலப்பர்களும் கேட்கிறார்கள். கேட்கிற எல்லோரும் "டாகுமென்டேஷன் எங்கே?" என்று பயன்படுத்தும் விளக்கத்தைக் கேட்கிறார்கள். ரேசர்பே தளத்திலேயே எல்லாம் இருக்கிறதே, நான் தனியாக என்ன எழுதுவது? எங்கே தொடங்குவது?
- வாசகர், தங்கச்சிமடம்

பதில்: தம்பி, என்றைக்காவது ஒரு நாள் கருவாட்டுக் கடைக்கு ஒருவர் போன் செய்வார். "அக்கவுன்ட்ல பணம் போயிருச்சு, உங்க பக்கம் ஆர்டரே இல்லைங்கிறீங்க" என்பார். கடைக்காரர் டெவலப்பரைக் கூப்பிடுவார். அந்த நேரத்தில் டெவலப்பர் திறக்கப்போகும் பக்கம் எது? அதைத்தான் முதலில் எழுத வேண்டும். லைப்ரரியை நிறுவுவது, முதல் பேமென்ட்டை ஓட்டிப் பார்ப்பது எல்லாம் அப்புறம். சென்னையில் பேமென்ட் கருவிகளுக்கு டாகுமென்டேஷன் எழுதுவதுதான் என் வேலையாக இருந்தது. இப்போது கீழக்கரையில் இருந்துகொண்டு அதையே செய்கிறேன். வாடிக்கையாளர்களிடமிருந்து வந்த கேள்விகளில் எனக்கு மறக்காமல் இருப்பவை எல்லாம் இந்தப் போன் அழைப்பைச் சுற்றியவைதான்.

"பணம் போயிருச்சு" என்ற புகார் ஒன்றுதான், ஆனால் உள்ளே நடந்தது ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருக்காது. வாங்கியவரின் வங்கி பணத்தைக் கழித்துவிட்டு, உறுதிச் செய்தி இந்தப் பக்கம் வராமலே போயிருக்கலாம். யுபிஐயில் இப்படி நடந்தால் 5 நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் விதி போட்டிருக்கிறது. கடைக்காரர் அப்படியே படித்துச் சொல்லும்படி அதை இரண்டு வரியில் எழுதி வையுங்கள்.

ஆனால் ரேசர்பேக்குப் பணம் வந்து சேர்ந்து, கடைக்கு மட்டும் தெரியாமல் இருந்தால்? பணம் கட்டியவர் உடனே பிரவுசரை மூடியிருப்பார். அல்லது பணம் வந்ததை ரேசர்பே தானாகச் சொல்லி அனுப்பும் செய்தியான வெப்ஹூக் வந்த நேரத்தில் கடையின் சர்வர் படுத்திருக்கும். இங்கே போய் "5 நாள் பொறுங்கள், திரும்பிவிடும்" என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். கேப்சர் ஆகிவிட்ட, அதாவது கடைக்கென்று எடுத்துக்கொள்ளப்பட்டுவிட்ட பணம் தானாகத் திரும்பாது, கடையின் கணக்கில் சேரும். ஆர்டர் ஐடியை வைத்து ரேசர்பேயிடம் நிலையைக் கேட்க வேண்டும், 'பெய்டு' என்று வந்தால் பார்சலை அனுப்ப வேண்டியதுதான். அதை எந்த ஃபங்ஷனைக் கூப்பிட்டுக் கேட்பது என்பதை அந்த இடத்திலேயே கொடுத்துவிடுங்கள், வேறு பக்கத்துக்கு அலையவிடாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. தோல்வி என்று காட்டிய பேமென்ட், வங்கியின் பதில் தாமதமாக வந்ததால் பிறகு வெற்றியாக மாறும். அதற்குள் அந்த மனிதர் பதறி இரண்டாவது முறையும் கட்டியிருப்பார். இப்போது உங்கள் லைப்ரரி இரண்டையும் கேப்சர் செய்யுமா, ஒன்றைத் திருப்பி அனுப்புமா? இதற்கான பதில் ரேசர்பே தளத்தில் எப்படி இருக்கும்? முடிவு எடுப்பது உங்கள் புரோகிராம் கோடு. நீங்கள் தனியாக என்ன எழுதுவது என்று கேட்டீர்களே, உங்கள் கோடு தானாக முடிவெடுக்கும் ஒவ்வொரு இடத்தையும் எழுத வேண்டும். மற்றதற்கு அவர்கள் பக்கத்துக்கு இணைப்பு கொடுத்தால் போதும். நகல் எடுத்து வைத்தால் அவர்கள் மாற்றும்போது உங்களுடையது பழசாகிவிடும்.

தொகையையே எடுத்துக்கொள்ளுங்கள். ரேசர்பே பைசாவில் கேட்கும், 500 ரூபாய் என்றால் 50000. உங்கள் ஃபங்ஷன் ரூபாயை வாங்கி உள்ளே நூறால் பெருக்குகிறதா, பைசாவாகவே எதிர்பார்க்கிறதா? சொல்லாமல் விட்டால் டெவலப்பரும் ஒரு தடவை பெருக்குவார், 500 ரூபாய்க் கருப்பட்டி 50,000 ரூபாய் என்று திரையில் வந்து நிற்கும். அதையாவது வாங்குபவர் பார்த்துச் சொல்லிவிடுவார். இரண்டு பேருமே பெருக்காமல் விட்டு 5 ரூபாய்க்குப் போனால் யாரும் சொல்ல மாட்டார்கள், நஷ்டம் பனை ஏறிப் பதநீர் இறக்கிய குடும்பத்துக்கு.

மாதிரிக் கோடு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். "கையொப்பச் சோதனையை இங்கே சேர்த்துக்கொள்ளவும்" என்று ஒரு கமென்ட் போட்டுவிட்டு நகராதீர்கள். மாதிரியில் இருப்பதுதான் அப்படியே கடையில் ஓடப்போகிறது. செய்தி ரேசர்பேயிடமிருந்துதான் வந்தது என்று உறுதிசெய்யும் அந்தச் சோதனை இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் "பணம் வந்துவிட்டது" என்று போலி வெப்ஹூக் அனுப்பலாம். முழுக் கோடையும் எழுதுங்கள். வந்த செய்தியின் உள்ளடக்கத்தைப் பிரிக்காமல், வந்தபடியே வைத்துக் கையொப்பத்தைக் கணக்கிட வேண்டும் என்பதையும் பக்கத்திலேயே சொல்லுங்கள். ஜேசன் (JSON) என்ற தரவு வடிவமாகப் பிரித்துத் திரும்பச் சேர்த்தால் ஒரு இடைவெளி மாறினாலும் பொருந்தாது. அதே வெப்ஹூக் இரண்டு முறை வரலாம் என்பதால், ஈவென்ட் ஐடியைச் சேமித்து, ஏற்கெனவே பார்த்ததா என்று சரிபார்க்கும் வரியும் இருக்கட்டும்.

எழுதி முடித்ததும் லைப்ரரியைத் தொட்டிராத ஒருவரிடம் கொடுங்கள். நான் என் தங்கை மகனிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பேன். அவன் எந்த வரியில் நின்று என் முகத்தைப் பார்க்கிறானோ, அந்த வரியைத் திருத்துவேன்.

கேள்வி: எங்கள் கருவிக்கு டாகுமென்டேஷனைத் தமிழில் எழுதினால் மதிப்பார்களா?
- வாசகி, தொண்டி

பதில்: யார் படிக்கிறார்கள் என்று பாருங்கள். ரீஃபண்ட் போடுவது, செட்டில்மென்ட் (விற்ற பணம் கடையின் வங்கிக் கணக்கில் சேர்வது) எப்போது வரும் என்பதெல்லாம் கடைக்காரர் படிப்பது. அதைத் தமிழில்தான் எழுத வேண்டும், தயங்காதீர்கள். டெவலப்பருக்கான விளக்கத்தையும் தமிழில் எழுதலாம். ஃபங்ஷன் பெயர்களையும் பிழைச் செய்திகளையும் மட்டும் கோடில் உள்ளபடியே விடுங்கள். திரையில் வந்த பிழையை நகலெடுத்துத் தேடும்போது உங்கள் பக்கம் கிடைக்க வேண்டும்.

கேள்வி: டெஸ்ட் மோடில் எல்லாம் சரியாக ஓடியது. லைவுக்கு மாற்றியதும் வெப்ஹூக்கே வரவில்லை. ரேசர்பேதான். என்ன செய்யலாம்?
- வாசகர், தேவிபட்டினம்

பதில்: டெஸ்டுக்கும் லைவுக்கும் கீ வேறு வேறு என்பது தெரிந்திருக்கும். வெப்ஹூக்கும் அப்படித்தான். டாஷ்போர்டை லைவ் மோடுக்கு மாற்றிவிட்டு, வெப்ஹூக் வரவேண்டிய முகவரியையும் அதற்கான சீக்ரெட்டையும் (ரகசியச் சொல்லையும்) அங்கே புதிதாகப் பதிய வேண்டும். ஏற்கெனவே பதிந்திருந்தால் அது முடக்கப்பட்டிருக்கிறதா பாருங்கள். உங்கள் சர்வர் தொடர்ந்து 24 மணி நேரம் சரியான பதில் தராவிட்டால் வெப்ஹூக்கை நிறுத்திவிடுவார்கள், நீங்கள்தான் போய் மறுபடி இயக்க வேண்டும். அப்புறம், கேள்வியோடு அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் லைவ் கீயின் சீக்ரெட் முழுவதும் தெரிகிறது. இந்தப் பதிலைப் படித்ததும் முதல் வேலையாக அந்தக் கீயை ரத்து செய்து புதிதாக எடுங்கள்.