நெருஞ்சியும் எலியின் புரொஸ்டேட்டும்

வணக்கம் ஐயா,

அப்பாவுக்கு 68 வயது. இரவில் நாலைந்து தரம் சலம் போக எழும்புவார். புரொஸ்டேட் வீக்கம் என்று கிளினிக்கில் தம்சுலோசினும் பினாஸ்டெரைடும் தந்து இரண்டு மாதமாகிறது. வெளிநாட்டிலிருந்து அண்ணா ஒரு ஆய்வை அனுப்பினார். கிலோவுக்கு 200 மில்லிகிராம் நெருஞ்சிச் சாறு கொடுத்த எலிகளுக்கு நாலு கிழமையில் வீக்கம் குறைந்ததாம். எங்கள் வளவு முழுக்க நெருஞ்சிதான். குளிசையை விட்டுவிட்டு அவித்துக் கொடுக்கலாமா?

வாசகர், ஒட்டுசுட்டான்

அன்பின் தம்பி,

குளிசையை நிறுத்த வேண்டாம்.

அந்த எலிகளுக்கு வீக்கம் தானாக வந்ததல்ல, வரவழைத்தது. ஆண் ஹோர்மோனின் ஒரு வடிவமான டெஸ்டோஸ்டெரோன் புரொப்பியோனேற்றை எண்ணெயில் கரைத்து, கிலோவுக்கு 3 முதல் 5 மில்லிகிராம் வரை, 28 நாள் தோலுக்கடியில் ஏற்றுவார்கள். பெரும்பாலும் முதல் ஊசி போடும் நாளிலேயே சாறும் தொடங்கிவிடும். ஆகவே அது வீங்கவிடாமல் தடுத்த கதை. அப்பாவுக்குப் பத்துப் பதினைந்து வருடமாக வளர்ந்ததை வற்றச் செய்வது வேறு.

இன்னொன்று, மனிதனுக்குப் புரொஸ்டேட் சுரப்பி சலக்குழாயைச் சுற்றி இருக்கிறது, உட்பக்கம் வீங்கி அமத்துகிறது. எலிக்கு அது தனித்தனி மடல்கள். வீங்கினாலும் சலம் அடைபடாது. நாய்க்கு வயதோடு தானாகவே வீங்கும், ஆனால் வெளிப்பக்கமாய் வீங்கி மலக்குடலை நெரிக்கும். கிழட்டு நாய் முக்குவது மலத்துக்கு.

கட்டுரையில் மூன்றைப் பாருங்கள். பினாஸ்டெரைடு கொடுத்த எலிக்கூட்டம் ஒப்பீட்டுக்கு இருக்கிறதா? இல்லையென்றால் மூடி வையுங்கள். எலிகளின் உடல் எடை விழுந்திருக்கிறதா? சாறு கசந்து தீனி குறைந்தாலே ஆண் ஹோர்மோன் இறங்கிச் சுரப்பியும் சுருங்கும். மருந்துக்கு அதில் பங்கில்லை. மூன்றாவது, எந்த நெருஞ்சி? தாவரப் பெயர் ட்ரிபுலஸ் என்றால் முள்ளுக்காய்ச் சிறுநெருஞ்சி. பெடாலியம் என்றால் யானை நெருஞ்சி, கொப்பைத் தண்ணீரில் கலக்கினால் முட்டை வெள்ளைக்கருப் போலக் கொழகொழக்குமே, அது. இரண்டையும் நெருஞ்சி என்றே சொல்வதால் மாறிப்போகிறது.

அளவுக்கு வருவோம். எலியின் அளவை மனிதனுக்கு மாற்ற 6.2 ஆல் வகுப்பார்கள். கிலோவுக்கு 200 என்பது 32 மில்லிகிராம் ஆகும். 60 கிலோ மனிதனுக்கு நாளுக்கு 1.9 கிராம் சாறு. நூறு கிராம் காயில் பத்துக் கிராம் சாறு தேறுகிறது என்று வைத்தால், தினம் 19 கிராம் காய்ந்த காய். அதுவும் ஆய்வுகூடங்களில் பெரும்பாலும் மதுசாரத்தில் எடுத்த சாறு. நீங்கள் அவிப்பது தண்ணீரில், இறங்கும் சத்து ஒன்றல்ல. தென்னாபிரிக்காவில் நெருஞ்சி மேய்ந்த செம்மறிகளுக்கு ஈரல் பழுதாகி முகம் வீங்கும் நோயே உண்டு. சிறுநீரக நோய் பரவிய வவுனியாப் பக்கத்துக்கு அயலில் இருக்கிறீர்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேற்றினின் இரத்தச் சோதனை பார்க்காமல் எந்தக் கசாயமும் நாள்கணக்கில் வேண்டாம்.

எலியில் நன்றாய் வேலைசெய்த சோ பல்மெற்றோ என்ற பனைப்பழச் சாறு 2006 இல் 225 ஆண்களிடமும், 2011 இல் மூன்று மடங்கு அளவுவரை கூட்டி 369 பேரிடமும் சோதிக்கப்பட்டது. இரண்டு தரமும் போலிக் குளிசையைவிட ஒன்றும் கூடச் செய்யவில்லை.

தம்சுலோசின் சில நாளிலேயே சலத்தை இளக்கும். பினாஸ்டெரைடு ஆறு மாதம் கேட்கும். இரண்டு மாதத்தில் தீர்ப்புச் சொல்லாதீர்கள். பினாஸ்டெரைடு, புரொஸ்டேட்டுக்காக இரத்தத்தில் பார்க்கும் பி.எஸ்.ஏ. அளவைப் பாதியாகக் காட்டும் என்பதால் இரத்தம் எடுக்கும்போது சொல்லவேண்டும். தம்சுலோசினைத் தினமும் ஒரே நேரச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள். எழும்பும்போது தலைசுற்றலாம், கட்டிலோரம் கொஞ்சம் இருந்துவிட்டு எழும்பட்டும். கண்புரை வெட்டப் போனால் தம்சுலோசின் குடிப்பதைக் கண் டொக்டரிடம் முதலே சொல்லுங்கள்.

வயலில் நிற்பவர்கள் பகலெல்லாம் தண்ணீர் குடிக்காமல் பொழுதுபட்டபிறகு செம்பு செம்பாய்க் குடிப்பார்கள், மேலே தேத்தண்ணியும். அதைப் பகலுக்கு மாற்றினாலே இரவில் எழும்புவது குறையலாம். தடிமனுக்குப் பிரிற்றன் (Piriton) குளிசை வாங்கிக் கொடுக்காதீர்கள், சலத்தை அடியோடு கட்டிவிடலாம். அப்படிக் கட்டி அடிவயிறு கல்லாய் ஊதினால் விடியும்வரை பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.